ட்ரெண்டிங்கில் கொந்தளிப்பு... ஸ்டேடியத்தில் கூட்டம்! கால்பந்து ரசிகர்களின் ஆன்லைன் போராட்டம் ஏன் பிசுபிசுக்கிறது?

2022 ஆகஸ்ட். பிரீமியர் லீக் சீசன் தொடங்கிய வேகத்தில் மான்செஸ்டர் யுனைடெட் இரண்டு போட்டிகளில் தோற்றிருந்தது. அதிலும் பிரென்ட்ஃபோர்டிடம் வாங்கியது 4-0. கடுப்பான ரசிகர்கள் 'எம்ப்டி ஓல்ட் டிராஃபோர்டு' என்ற ஹேஷ்டேக்கை ட்ரெண்ட் செய்தார்கள். லிவர்பூல் போட்டிக்கு யாரும் உள்ளே போகக்கூடாது, ஸ்டேடியம் காலியாகக் கிடக்க வேண்டும் என்பதுதான் அழைப்பு.

ஆகஸ்ட் 22 அன்று என்ன நடந்தது? வெளியே பெரிய ஊர்வலம் போனது உண்மை. ஆனா ஆட்டம் தொடங்கியபோது இருக்கைகள் நிரம்பியே இருந்தன. யுனைடெட் 2-1 என ஜெயித்தது. அன்றிரவு டைம்லைன் முழுக்க கோல் வீடியோதான்!

கோபம் யார் மீது?

அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் 2005-இல் சுமார் 79 கோடி பவுண்டுக்கு இந்த கிளப்பைக் கைப்பற்றியது. அதில் பெரும்பகுதி கடன். அந்தக் கடன் கிளப்பின் தலையிலேயே ஏற்றப்பட்டதுதான் பிரச்னை. கோபத்தில் நியாயம் இருக்கிறது. அப்புறம் ஏன் ஒன்றுசேர முடியவில்லை?

சீட் யார் கையில்?

சீசன் டிக்கெட் வைத்திருப்பவர் பணத்தை முன்கூட்டியே கட்டிவிடுகிறார். ஒரு போட்டிக்குப் போகாவிட்டால் கிளப்புக்கு பெரிய நஷ்டமில்லை, நஷ்டம் அவருக்குத்தான். டிக்கெட்டையே விட்டுக்கொடுத்தால், அதை வாங்க வரிசையில் பலர் காத்திருக்கிறார்கள். 'நான் ஒருத்தன் போகலைன்னா என்ன ஆகிடப் போகுது?' என்று ஒவ்வொருவரும் நினைப்பது இயல்பு. பொருளாதார அறிஞர் மான்கர் ஓல்சன் 1965-லேயே இந்தச் சிக்கலை எழுதிவிட்டார்: பலன் எல்லோருக்கும் பொது, வலி மட்டும் தனி ஆளுக்கு என்றால், பெரும்பாலானோர் ஒதுங்கித்தான் நிற்பார்கள்.

ஹேஷ்டேக் போடுபவர்களில் பலர் சென்னையிலோ லாகோஸிலோ இருப்பவர்கள். அவர்களிடம் புறக்கணிக்க சீட்டே கிடையாது. டிவி உரிமை பல வருடத்துக்கு முன்கூட்டியே விற்கப்படுகிறது. ஒருவர் ஆப் சந்தாவை நிறுத்தினால் கிளப் கணக்கில் உடனே எதுவும் குறையாது. மிஞ்சிப்போனால் ஜெர்சி வாங்காமல் இருக்கலாம்.

இன்னொன்று, நம்பிக்கை. அழைப்பு விடுத்த அக்கவுன்ட்டுக்குப் பின்னால் யார் என்றே தெரியாதபோது, 'எல்லாரும் வெளியே நிற்பாங்க' என்று எதை வைத்து நம்புவது?

சூப்பர் லீக்கை வீழ்த்தினார்களே?

2021 ஏப்ரல் 18-இல் 12 கிளப்புகள் அறிவித்த ஐரோப்பிய சூப்பர் லீக்கிலிருந்து, இரண்டே நாளில் ஆறு இங்கிலாந்து கிளப்புகளும் விலகின. ரசிகர்கள் செல்சீ ஸ்டேடியம் முன்பு சாலையில் இறங்கியிருந்தார்கள். கூடவே யூஃபா, பிரீமியர் லீக், பிரிட்டன் அரசு என எல்லாமே ஒரே பக்கம் நின்றன. அந்தத் துணை வேறு போராட்டங்களுக்கு அநேகமாகக் கிடைப்பதில்லை. அதே மே 2-இல் யுனைடெட் ரசிகர்கள் மைதானத்துக்குள்ளேயே புகுந்து லிவர்பூல் போட்டியைத் தள்ளிவைக்க வைத்தார்கள். கிளேசர்கள் அசையவில்லை. 2024-இல் ஜிம் ராட்கிளிஃப் கால் பங்குக்கு மேல் வாங்கிய பிறகும் பெரும்பான்மை அவர்களிடமே இருந்தது.

பலித்தது எங்கே?

லிவர்பூலில். 2016-இல் புதிய மெயின் ஸ்டாண்டில் டிக்கெட் விலை அதிகபட்சம் 77 பவுண்டு என கிளப் அறிவித்தது. பிப்ரவரி 6, சண்டர்லேண்டுடன் போட்டி. 77-வது நிமிடத்தில் எழுந்து வெளியேறுங்கள் என்றன உள்ளூர் ரசிகர் அமைப்புகள். ஆயிரக்கணக்கானோர் எழுந்தார்கள். பக்கத்து சீட்காரர் எழுவது கண்ணெதிரே தெரிகிறது, அப்புறம் உட்கார்ந்திருக்க மனசு வராது! அப்போது 2-0 என முன்னிலையில் இருந்த லிவர்பூல், கடைசியில் 2-2 டிரா. சில நாட்களிலேயே உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு விலை உயர்வைக் கைவிட்டார்கள்.

ஜெர்மனியிலும் இதே கதைதான். லீக்கின் ஒளிபரப்பு வருமானத்தில் ஒரு பங்கை முதலீட்டாளருக்கு விற்க 2023 டிசம்பரில் கிளப்புகள் வாக்களித்தன. அங்கே ரசிகர் குழுக்கள் வாராவாரம் ஒரே ஸ்டாண்டில் சேர்ந்து நிற்பவர்கள், ஒருவருக்கொருவர் முகம் தெரியும். டென்னிஸ் பந்துகளை மைதானத்தில் வீசி ஆட்டத்தை நிறுத்தினார்கள். பொறுக்கி முடிப்பதற்குள் அடுத்த பந்து விழும். 2024 பிப்ரவரி 21-இல் லீக் நிர்வாகம் அந்தத் திட்டத்தையே கைவிட்டது.