சான்யுவான்லி: மழையில் எதிரெதிரே நின்றவர்கள்

மேலை வல்லாதிக்கத்தைச் சீனத்தில் எதிர்த்தவர் யார் என்று வினவினால், பலரும் லின் சேசூ என்பர். தகும். ஆயினும், பெயர் தெரியாத உழவர் கூட்டம் ஒன்றையும் நம் மாணவர்கள் அறிய வேண்டும் என்பது என் விழைவு. அவர்கள் கதையில் நம்மவர்க்கும் இடமுண்டு, எதிரணியில்!

முதலில் பின்னணியைக் காண்போம். சீனத் தேயிலைக்கு ஆங்கிலேயர் வெள்ளியைக் கொட்டிக் கொடுத்துவந்தனர். அதனை ஈடுகட்டக் கிழக்கிந்தியக் கம்பெனி கண்ட வழி அபின். பீகார் உழவர்களுக்கு முன்பணம் கொடுத்துக் கசகசாச் செடியை விளைவித்தனர். கல்கத்தாவில் அபினை ஏலம் விட்டனர். தனி வணிகர்கள் அதனைச் சீனத்திற்குள் கடத்தினர். சீன அரசோ அபினைத் தடை செய்திருந்தது.

1839 மார்ச்சில் காண்டன் வந்த ஆணையர் லின் சேசூ, 20,000க்கும் மேற்பட்ட அபின் பெட்டிகளைக் கைப்பற்றினார். சூன் மாதம் ஹூமன் கடற்கரையில் பெருங்குழிகள் வெட்டி, நீரும் உப்பும் சுண்ணாம்பும் கலந்து அபினைக் கரைத்துக் கடலில் விடுவித்தார். இப்பணி இருபது நாள்களுக்கும் மேல் நீடித்தது. போர் மூண்டது.

1841 மே மாதம் ஆங்கிலேயப் படை காண்டனின் வடபுறக் குன்றுகளைப் பிடித்தது. நகரைக் காக்க 60 இலட்சம் வெள்ளி டாலர் தர அதிகாரிகள் இணங்கினர். அரசு பணிந்தது, ஊரார் பணியவில்லை. படையினர் கல்லறைகளைத் தோண்டியதாகவும் பெண்களிடம் முறைதவறி நடந்ததாகவும் சீனக் குறிப்புகள் கூறுகின்றன. சான்யுவான்லி என்னும் சிற்றூரையும் சுற்றுவட்டார ஊர்களையும் சேர்ந்த ஆயிரக்கணக்கானோர் மண்வெட்டியும் ஈட்டியும் ஏந்தித் திரண்டனர்.

மே 30ஆம் நாள் பெருமழை கொட்டியது. வெடிமருந்து நனைந்து துப்பாக்கிகள் பயனற்றுப் போயின. 37ஆம் மெட்ராஸ் காலாட்படையின் ஒரு பிரிவினர், ஏறத்தாழ அறுபது பேர், வழிதவறி வயல்வெளியில் ஊராரிடம் சிக்கிக்கொண்டனர். மழையிலும் வெடிக்கும் புதுவகைத் துப்பாக்கி ஏந்திய கடற்படைவீரர்கள் இரவில் வந்து அவர்களை மீட்டனர். மறுநாள் ஊராரைக் கலைந்து போகச் செய்தவர் சீன அதிகாரியே!

மெட்ராஸ் படையில் தமிழரும் தெலுங்கரும் முசுலிம்களும் கூலிக்குப் பணியாற்றினர். வயலை விட்டுப் பிழைப்புக்காகத் துப்பாக்கி ஏந்தியவன் ஒருபுறம். வயலைக் காக்க மண்வெட்டி ஏந்தியவன் மறுபுறம். இருவரையும் ஆட்டிவைத்த கம்பெனி அபின் கணக்கை எழுதிக்கொண்டிருந்தது. 1842இல் நான்கிங் ஒப்பந்தம் ஹாங்காங்கையும் 2 கோடியே 10 இலட்சம் டாலரையும் ஆங்கிலேயர்க்கு ஈட்டித் தந்தது. மழையில் நின்ற அந்தச் சிப்பாய்க்கோ, உழவனுக்கோ இதில் என்ன கிடைத்தது?

சீனரும் தமிழரும் அண்டை வீட்டாராய் வாழும் நம் நாட்டில் இந்நிகழ்வைச் சொல்லித் தருவது ஆண்டுகளை மனனம் செய்விப்பதைவிட மேலானது எனக் கருதுகிறேன். சொல்லும்போது நம்மவர் நின்ற பக்கத்தை மறைத்தல் வேண்டா. பின்னர் மாணவர்களிடம் இரண்டு வினாக்கள் கேட்போம்: அந்தச் சிப்பாய் ஏன் அங்கே சென்றான்? தம் மக்களையே அந்த அதிகாரி ஏன் கலைத்தார்? பெற்றோரும் இவற்றை இல்லத்தில் பேசலாம். விடை தேடும் பிள்ளைகள் ஆதிக்கம் எவ்வாறு இயங்குகிறது என்பதைத் தாமே உணர்ந்துகொள்வர்.