திண்டுக்கல் சமவெளியில் களிமண் புல்தரைக்கு வடிகால்

புல்லின் வேர்ப்பகுதியில் மழைநீரும் பாசன நீரும் தேங்காமல் வெளியேற வழி செய்வது புல்தரை வடிகால். சிறுமலைக்கும் பழனி மலைத்தொடருக்கும் இடைப்பட்ட திண்டுக்கல் சமவெளியில் பெரும்பரப்பு செம்மண்; அங்கே இதற்குத் தேவை குறைவு. ஒட்டன்சத்திரம், பழனிப் பக்கத்துக் கரிசலிலும் கண்மாய்களை ஒட்டிய களிமண் நிலங்களிலும்தான் ஐப்பசி, கார்த்திகை மழையில் புல்தரை நாள்கணக்கில் சேறாகக் கிடக்கும். கிராவல் அடித்து ரோலர் ஓட்டிய மனைகளுக்கும், கட்டட வேலையின்போது லாரியும் ஜேசிபியும் ஏறி இறுகிய மனைகளுக்கும் இதே பாடுதான்.

களித்துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது. அத்துகள்களுக்கு இடையிலான நுண்துளைகளில் நீர் மிக மெதுவாகவே நகரும். கரிசலில் மிகுந்திருக்கும் மாண்ட்மோரிலோனைட் என்னும் களிக்கனிமம் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் பாளம் பாளமாக வெடித்த தரை முதல் மழையை மடமடவென்று குடித்துவிடும். பிறகு வெடிப்புகள் மூடிக்கொள்ள, அடுத்த மழை மேலேயே நிற்கும்.

இந்த வட்டாரத்தில் நிலத்தடி நீரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். தோலைக் கெடாமல் வைக்கப் பயன்படும் உப்பு கழிவுநீரோடு இறங்கி, நகரைச் சுற்றிய பல கிணறுகளை உவராக்கியிருக்கிறது. அப்படிப்பட்ட நீரைக் கோடை முழுவதும் பாய்ச்சினால் களித்துகள்களின் மேல் சோடியம் படியும். நீரில் உப்பு மிகுந்திருக்கும்வரை துகள்கள் ஓரளவு சேர்ந்தே இருக்கும். உப்பற்ற மழைநீர் பட்டதும் பிரிந்து மிதந்து துளைகளை அடைத்துக்கொள்ளும். ஆண்டு முழுதும் ஒழுங்காக இருந்த புல்தரை வடகிழக்குப் பருவமழையில் திடீரென்று நீர் வாங்க மறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜிப்சம் பயன்படுவது இத்தகைய மண்ணில்தான். அதிலுள்ள கால்சியம் சோடியத்தை இடம்பெயர்க்கும். பெயர்ந்த சோடியத்தை நீர்விட்டுக் கழுவி இறக்கவும் வேண்டும். மண்ணின் மாற்றுச் சோடிய விகிதம் 15 சதவீதத்துக்கு மேலோ, பி.எச். 8.5-க்கு மேலோ இருந்தால் ஜிப்சம் தேவைப்படலாம். மண் பரிசோதனை செய்யாமல் மூட்டை மூட்டையாகத் தூவுவதில் கடைக்காரருக்கே லாபம்.

மணல் கலப்பது அதைவிடப் பெரிய வீண்செலவு. களியின் தன்மையை மாற்ற அதில் பாதிக்கு மேல் மணலாக இருக்க வேண்டும். நாலைந்து கூடை எம்-சாண்டைக் கொட்டிக் கிளறினால், களி மணற்பருக்கைகளைப் பிணைத்துச் செங்கல்போல் இறுகும். கரிசல் மேல் நாலங்குலம் செம்மண் பரப்பிப் புல் பதிப்பதும் அரைகுறை வைத்தியமே: நீர் இரு மண்ணும் சேரும் மட்டத்தில் நின்று வேரை அழுகச் செய்யும். கண்மாய் வண்டல் வயலுக்கு நல்ல உரம்தான். ஏற்கெனவே களியாக இருக்கும் புல்தரைக்கு அது ஆகாது.

குறையை அறிய ஓரடிக் குழி போதும். நீரை நிரப்பி, வடிந்தபின் மறுபடி நிரப்ப வேண்டும். இரண்டாம் முறை மணிக்கு ஓர் அங்குலம்கூட இறங்காவிட்டால் வடிகால் போதாது.

பெரும்பாலான வீடுகளில் முதலில் செய்ய வேண்டியது வாட்டம் கொடுப்பது. சுவரிலிருந்து விலகிப் பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் சரிந்தாலே மேல்நீர் ஓடிவிடும். மாடித் தண்ணீர் புல்லில் விழாமல் குழாயைத் திருப்புவதும் அவசியம். ஐதராபாத்துக்கு அருகிலுள்ள இக்ரிசாட் நிறுவனம் கரிசல் வயல்களுக்குப் பரிந்துரைத்த அகலப் பாத்தி, சால் முறையும் நீரை மேலேயே சரித்து வெளியேற்றும் உத்திதான். துளையிட்ட பிவிசி குழாயை ஜல்லிக்குள் புதைப்பது அடுத்த நிலை. அதற்குப் போக்கிடம் இல்லாவிட்டால் அது புதைத்து வைத்த தொட்டியாகிவிடும். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமானது. அதற்காக வெட்டிய குழியையே போக்கிடமாகக் கொள்ளலாம். ஆனால் களி அடுக்கைத் தாண்டி, சிதைந்த பாறை வரை அது இறங்கியிருக்க வேண்டும்.

மண்ணின் கட்டமைப்பைத் திருத்துவது மக்கிய அங்ககப் பொருள். தென்னை மிகுந்த இம்மாவட்டத்தில் நார்க்கழிவு எளிதில் கிடைக்கும். பச்சையாகப் போட்டால் மண்ணின் தழைச்சத்தை அது இழுத்துக்கொள்ளும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக முறைப்படி, ஒரு டன் கழிவுக்கு ஐந்து கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காக இட்டு மக்கவைக்க வேண்டும். வளர்ந்த புல்தரையில் உள்ளீடற்ற முள்கருவியால் சிறு மண்துண்டுகளை எடுத்து, அத்துளைகளில் இந்த உரத்தைத் தேய்த்து நிரப்பலாம். ஆவணி, புரட்டாசியில், மண் ஈரமாக இருந்தும் கையில் ஒட்டாத பக்குவத்தில் செய்வது நல்லது. சேற்றில் குத்தினால் துளையின் சுவர் வழவழப்பாகி அடைபடும்.

இத்தனைக்கும் பிறகு நீர் சற்றுத் தேங்கும் இடத்தில் கொரியன் புல்லைவிட அருகம்புல்லே தாக்குப்பிடிக்கும்; உவர்நீரையும் அது ஓரளவு தாங்கும்.