மடியில் வந்த கீரை

எங்கள் சங்கரன்கோவில் கரிசலில் பருத்திக்குக் களையெடுக்கும் பெண்கள் எல்லாவற்றையும் வரப்பில் எறிந்துவிடமாட்டார்கள். பருப்புக்கீரையை மட்டும் மடியில் கட்டிக்கொள்வார்கள். இராத்திரி அது பருப்போடு கடைசலாகும். 'கூலிக்காரர் கறி' என்று சிறுவயதில் ஒதுக்கியவன் நான். பாட்டி ஒன்றும் பேசாமல் என் பங்கையும் தன் இலையில் போட்டுக்கொள்வாள்.

அந்தக் களைக்கு 1986-ல் யோகம் அடித்தது. ஆர்ட்டெமிஸ் சிமோபௌலோஸ் என்ற கிரேக்க வைத்திய அம்மையாரும் நார்மன் சேலமும் (நம் சேலத்துக்காரர் அல்ல!) அமெரிக்க வைத்தியப் பத்திரிகையொன்றில் எழுதினார்கள்: மீனுக்கே உரியதென்று பேசப்பட்ட ஒமேகா-3 கொழுப்பு, தாங்கள் சோதித்த கீரைகளில் இதிலேதான் அதிகம். பின்னால் கணக்கிட்டபோது, 100 கிராம் இலையில் 300 முதல் 400 மில்லிகிராம். மீனெண்ணெயிலுள்ள வகையேதான் என்று சொல்லிவிட முடியாது, உறவு முறைதான்.

அம்மையார் அதோடு விடவில்லை. கிரேக்கப் பண்ணையில் இதைக் கொத்தித் திரிந்த கோழிகளின் முட்டையைச் சோதித்து 1989-ல் எழுதினார். கடை முட்டையைவிட அச்சத்துப் பன்மடங்கு! கோழிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

சமீபத்தில் சந்தையில் ஒரு கீரைக்கார அம்மாளிடம் கேட்டேன்.

"களைக்கு மருந்தடிச்ச காடுய்யா. மடியில எதைக் கட்ட?" என்றாள்.