நெடுவாசல்: சும்மா கிடந்தது எது?

2008 ஜூலையில் கச்சா எண்ணெய் விலை பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்டது. அப்போது அமெரிக்காவில் ஒரு சண்டை. கடலோரத்தைத் திறந்து விடுங்கள், தோண்டலாம் என்றது ஒரு கட்சி. ஏற்கெனவே குத்தகைக்கு எடுத்த 6.8 கோடி ஏக்கர் சும்மாதானே கிடக்கிறது, முதலில் அதைத் தோண்டுங்கள், இல்லையேல் திருப்பிக் கொடுங்கள் என்றது மறு கட்சி.

சில ஆண்டுகள் கழித்து அதே கேள்வி தமிழ்நாட்டுக்கும் வந்தது. ஆனால் இங்கே குறுக்கே நின்றவர் விவசாயி!

காவிரிப் படுகையில் ஓ.என்.ஜி.சி. 1960-களிலேயே துளையிட ஆரம்பித்துவிட்டது. 1980-களில் நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது. 1993-இல் அங்கே சுத்திகரிப்பு ஆலையும் வந்தது. ஆனால் எண்ணெய் இருப்பது தெரிந்த எல்லா இடத்திலும் எடுத்துவிடவில்லை. அளவு சிறியது, செலவு கட்டாது என்று பல வயல்கள் விடப்பட்டன. உரிமம் மட்டும் நிறுவனத்தின் பெயரிலேயே இருந்தது.

2015 செப்டம்பரில் மத்திய அரசு ஒரு முடிவு எடுத்தது. ஓ.என்.ஜி.சி.யும் ஆயில் இந்தியாவும் எடுக்காமல் வைத்திருந்த 69 சிறு வயல்களை ஏலம் விடுவது என்பதே அது. ஒரே உரிமத்தில் எண்ணெய், எரிவாயு, மீத்தேன் எதையும் எடுக்கலாம். 2017 பிப்ரவரி 15 அன்று 31 ஒப்பந்தப் பகுதிகளுக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பட்டியலில் புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசலும் இருந்தது. மறுநாளே ஊர் போராட்டத்தில் இறங்கியது.

ஏன் அவ்வளவு வேகம்? மீத்தேன் என்ற சொல் டெல்டாவுக்குப் புதிதல்ல. 2010-இல் மன்னார்குடி பகுதியில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க ஒரு தனியார் நிறுவனத்துடன் ஒப்பந்தம் போடப்பட்டது. அதை எதிர்த்து ஊர் ஊராகப் பேசிய நம்மாழ்வார், 2013 டிசம்பர் 30 அன்று அந்தப் பிரசாரப் பயணத்திலேயே பட்டுக்கோட்டை அருகே காலமானார். 2015-இல் மாநில அரசு அத்திட்டத்தைத் தடை செய்தது. நெடுவாசலோ ஆழ்குழாய்க் கிணற்றை நம்பிப் பயிர் செய்யும் ஊர். நிலத்தடி நீர் கெட்டால் அங்கே வேறு வழியில்லை.

அரசு சொன்ன காரணமும் பொய்யல்ல. நாட்டின் கச்சா எண்ணெய்த் தேவையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்தே வருகிறது. குரோம்பேட்டை பங்கில் பெட்ரோல் போடுபவருக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் அந்த எண்ணெய்க்காகத் தண்ணீரைப் பணயம் வைப்பவர் நெடுவாசல்காரர். ஏலத்துக்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா?

2017 மார்ச் 27 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆனாலும் வேலை தொடங்கவில்லை. ஏலம் விட்டது மத்திய அரசு. அன்றைய விதிப்படி தரையில் சுரங்கக் குத்தகை தரவேண்டியது மாநில அரசு. ஓ.என்.ஜி.சி. பெயரிலிருந்த குத்தகை புதிய நிறுவனத்துக்கு மாறவே இல்லை. எடுக்காத வயலை எடுக்க வைக்கப் போட்ட திட்டத்திலும் அந்த வயல் எடுக்காமலே நின்றது!

2020 பிப்ரவரியில் தமிழக சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்குத் தடை. ஆனால் முன்பே நடந்து வந்தவற்றை அச்சட்டம் தொடவில்லை. அதனால் பழைய உரிமம் யாரிடம், எந்த நிலையில் இருக்கிறது என்பது இன்றும் முக்கியம்.

கோப்பில் பார்த்தால் நெடுவாசல் பயன்படாத வயல். நேரில் பார்த்தால் அங்கே நெல்லும் தென்னையும் பலாவும் நிற்கின்றன. சும்மா கிடந்தது அடியில் இருந்த எண்ணெய்தான், நிலம் அல்ல.