அந்த 44 ரூபாய் யாருடையது?

என் வேலையில் நாணய மாற்று விகிதம் என்பது டேபிளில் ஒரு வரி, அவ்வளவுதான். இரண்டு நாணயக் குறியீடு, ஒரு தேதி, ஒரு எண். சில வருஷம் முன்னாடி அப்படி ஒரு டேபிளை டிசைன் பண்ணும்போது, 'விகிதம் காலியாக இருக்கலாமா?' என்று டெஸ்டிங் குழுவில் ஒருவர் கேட்டார். 'இருக்கவே முடியாது' என்று சொல்லிவிட்டேன். அது தப்பு என்று இந்திய ரூபாய், பாகிஸ்தான் ரூபாய் கதையைப் படித்தபோதுதான் புரிந்தது.

பிரிவினை நடந்த அன்று இரண்டு நாட்டுக்கும் ஒரே ரூபாய்தான். பாகிஸ்தானுக்கென்று மத்திய வங்கி கிடையாது. ரிசர்வ் வங்கியேதான் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டது. 1948 ஏப்ரலில் பாகிஸ்தானுக்காக வெளியிட்ட நோட்டுகளும் இந்திய நோட்டுகளேதான். 'பாகிஸ்தான் அரசு' என்று ஆங்கிலத்திலும் உருதுவிலும் மேலே அச்சடித்திருந்தார்கள். 1948 ஜூலை 1 அன்று பாகிஸ்தானின் ஸ்டேட் பேங்கை ஜின்னா திறந்து வைத்தார். அதற்குப் பிறகும் ஒரு ரூபாய்க்கு ஒரு ரூபாய்தான்.

1949 செப்டம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை. பிரிட்டன் பவுண்டின் மதிப்பை 4.03 டாலரிலிருந்து 2.80 டாலராகக் குறைத்தது. இந்தியாவும் கூடவே இறங்கியது. ரூபாய் 30.225 அமெரிக்க சென்ட்டிலிருந்து 21 சென்ட் ஆனது. பாகிஸ்தான் மட்டும் இறங்க மாட்டேன் என்று நின்றுவிட்டது. அதாவது 100 பாகிஸ்தான் ரூபாய்க்கு 144 இந்திய ரூபாய்.

இந்தியா இதை ஏற்கவில்லை. ரிசர்வ் வங்கி அந்த விகிதத்தில் பாகிஸ்தான் ரூபாயை வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை. என் டேபிளில் காலியாக இருக்கவே முடியாது என்று நான் சொன்ன இடம், நிஜத்தில் பதினேழு மாதம் காலியாக இருந்தது.

இதனால் அடி வாங்கியது சணல். பிரிவினையில் சணல் ஆலைகள் அத்தனையும் கல்கத்தா பக்கம் வந்துவிட்டன. சணல் விளையும் நிலத்தின் பெரும்பகுதி கிழக்கு வங்காளத்துக்குப் போய்விட்டது. ஆலை இங்கே, பயிர் அங்கே, நடுவில் ஒத்துக்கொள்ளாத ஒரு எண். கல்கத்தா ஆலைகள் வேலை நேரத்தைக் குறைத்தன. இந்தியா பாகிஸ்தானுக்கு அனுப்பிய நிலக்கரியை நிறுத்தியது. 1950 ஏப்ரலில் ஒரு குறுகிய கால ஒப்பந்தம் போட்டு, சணல் விலையை இந்திய ரூபாயிலேயே பேசி, விகிதப் பிரச்சினையைத் தொடாமல் தாண்டினார்கள். கடைசியில் 1951 பிப்ரவரியில் இந்தியா 144-ஐ ஏற்றுக்கொண்டது.

பாகிஸ்தான் பிடிவாதமாக நின்றது, ஜெயித்தது. பொதுவாக இந்தக் கதையை இங்கேதான் முடிப்பார்கள். எனக்கு என்னமோ கணக்கு இங்கேதான் ஆரம்பிக்கிறது என்று தோன்றுகிறது.

கிழக்கு வங்காள விவசாயி ஒருவரின் சணல் வெளிநாட்டில் 30 டாலர் 22 சென்ட்டுக்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாகிஸ்தானும் மதிப்பைக் குறைத்திருந்தால் அதற்கு 144 ரூபாய் வந்திருக்கும். குறைக்காததால் 100 ரூபாய். நடுவில் இருக்கும் 44 ரூபாய் எங்கே போனது? காற்றில் கரையவில்லை. அதே டாலரை வைத்து இயந்திரம் இறக்குமதி செய்தவருக்கு 144 ரூபாய் சரக்கு 100 ரூபாய்க்குக் கிடைத்தது. வரி என்று யாரும் பெயர் வைக்கவில்லை. ஆனால் வேலை செய்தது வரி மாதிரிதான். இறக்குமதியில் பெரிய பங்கு போனது மேற்குப் பாகிஸ்தானுக்கு. டாலரில் பெரிய பங்கைச் சம்பாதித்துக் கொடுத்ததோ கிழக்கின் சணல்.

1950 ஜூனில் கொரியப் போர் வெடித்தது. சணல் விலை எகிறியது, அதனால் வலி கொஞ்ச நாள் தெரியவில்லை. போர்க்கால விலை இறங்கியதும் தெரிந்தது. 1955-ல் பாகிஸ்தானும் மதிப்பைக் குறைத்து, இரண்டு ரூபாயும் மறுபடி ஒன்றுக்கு ஒன்று ஆனது. அதற்குள் இரண்டு பக்கமும் தனித்தனி வழி தேடிக்கொண்டிருந்தன. இந்தியாவில் சணல் சாகுபடி பெருகியிருந்தது. நாராயண்கஞ்சில் ஆதம்ஜி ஆலை வந்திருந்தது. கிழக்கின் உழைப்பில் மேற்கு வளர்கிறது என்ற பேச்சு மட்டும் அடங்கவில்லை. 1971-ல் வங்கதேசம் பிரிந்ததற்குக் காரணங்கள் பல. மொழி, தேர்தல், ராணுவம் என்று பட்டியல் நீளும். அதில் அந்த 44 ரூபாய்க்கும் ஒரு இடம் உண்டு என்பது என் எண்ணம்.

மீதிக் கதை சின்னது. 1966-ல் இந்தியா ஒரு டாலருக்கு 7.50 ரூபாய் என்று இறங்கியது, பாகிஸ்தான் 4.76-லேயே நின்றது. 1972-ல் பாகிஸ்தான் ஒரேயடியாக 11-க்குப் போனது. 2024-ல் ஒரு இந்திய ரூபாய்க்கு மூன்று பாகிஸ்தான் ரூபாய்க்கு மேல் கிடைத்தது. இதை வைத்து இணையத்தில் இரண்டு பக்கமும் மார்தட்டுகிறார்கள். 1949-லும் இப்படித்தான் தட்டியிருப்பார்கள், பக்கம் மட்டும் மாறி.

நாணயத்தின் மதிப்பு ஏறினால் நாட்டுக்குக் கௌரவம் என்று யாராவது சொன்னால், இப்போதெல்லாம் நான் ஒன்றுதான் கேட்கிறேன்: அந்தக் கௌரவத்துக்குக் காசு கொடுப்பது யார்? 1949-ல் கொடுத்தவர், இடுப்பளவு தண்ணீரில் நின்று சணல் அறுத்தவர். அவரை யாரும் கேட்கவில்லை.

அந்த டேபிளில் விகிதம் காலியாக இருக்கலாம் என்று பிறகு மாற்றிவிட்டேன்.