இறக்கை முனையைப் பிடித்தவர்

அறந்தாங்கியில் வாடகை சைக்கிள் எடுத்து ஓட்டப் பழகிய எல்லோருக்கும் ஒரு மாமாவோ அண்ணனோ இருந்திருப்பார். பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டே ஓடி வருவார். "விட்றாதீங்க மாமா"ன்னு நாம் கத்திக்கொண்டிருக்கும்போதே கையை எடுத்திருப்பார். கிளைடர் விமானங்களின் வரலாற்றைத் துழாவியபோது எனக்கு அந்த மாமா ஞாபகம்தான் வந்தது.

கிளைடருக்கு எஞ்சின் கிடையாது. தரையில் நிற்கும் வின்ச் அதை இழுத்து மேலேற்றலாம். இல்லையென்றால் ஒரு எஞ்சின் விமானம் கயிறு கட்டி இழுத்துப் போகலாம். இந்த இரண்டாவது முறையை 1927-இல் ஜெர்மனியின் காசல் நகரில் செய்து காட்டினார்கள்.

சிக்கல் புறப்படும்போதுதான். காற்றுத் தடையைக் குறைக்க, பெரும்பாலான கிளைடர்களுக்கு வயிற்றுக்கு அடியில் ஒரே ஒரு பெரிய சக்கரம் வைப்பார்கள். சும்மா நிற்கும்போது ஒரு பக்க இறக்கை தரையில் சாய்ந்து கிடக்கும். அதனால் ஒருவர் இறக்கை முனையைத் தூக்கி மட்டமாகப் பிடித்து, வண்டி நகர்ந்ததும் சில எட்டு கூடவே ஓடுவார். தள்ளவும் கூடாது, பின்னுக்கு இழுக்கவும் கூடாது. இறக்கை நீளமானது, முனையில் லேசாகப் பிடித்து இழுத்தாலே மூக்கு அந்தப் பக்கம் திரும்பிவிடும்.

அவர் கையை விட்ட பிறகு வரும் சில விநாடிகள்தான் கண்டம். இறக்கையைச் சமன் செய்ய, பின்விளிம்பில் அய்லரான் என்ற மடல்கள் இருக்கின்றன. ஆனால் காற்று வேகமாக ஓடினால்தான் அவை வேலை செய்யும். வின்ச் வெடுக்கென்று இழுத்துவிடும். விமானமோ மெதுவாகத்தான் வேகம் பிடிக்கும். அதனால் இந்த ஆபத்தான நேரம் இதில் நீளம். விமானி ஸ்டிக்கை தாராளமாக ஆட்ட வேண்டியிருக்கும். தாழ்ந்த இறக்கையைத் தூக்க ஸ்டிக்கை மட்டும் சாய்த்தால், அந்தப் பக்க மடல் கீழிறங்கித் தடையைக் கூட்டி, மூக்கைத் தாழ்ந்த பக்கமே இழுக்கும். எனவே எதிர்ப்பக்கச் சுக்கானையும் சேர்த்து மிதிக்க வேண்டும்.

அப்படியும் இறக்கை நிமிரவில்லையா? முனை புல்லைத் தொடும் முன்பே கயிற்றைக் கழற்றிவிட வேண்டும். தொட்டால் வண்டி அப்படியே சுழன்றுவிடலாம். அதனால்தான் விமானியின் இடது கை மஞ்சள் நிறக் கழற்றுக் குமிழின் பக்கத்திலேயே இருக்கும். "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்ற நினைப்புதான் இங்கே எதிரி.

விமானம் கட்டி இழுத்த கிளைடர்களுக்கு நம் நாட்டு வரலாற்றில் ஒரு பெரிய இரவு உண்டு: 1944 மார்ச் 5. அஸ்ஸாமின் லாலாகாட்டிலிருந்து, பர்மாக் காட்டில் பிராட்வே என்று பெயரிட்ட வெட்டவெளியை நோக்கி விங்கேட்டின் சிண்டிட் படையினர் வாகோ கிளைடர்களில் கிளம்பினார்கள். ஒரு டகோட்டாவுக்குப் பின்னால் இரண்டு கிளைடர்கள்! வாகோவுக்கு இரு பக்கமும் சக்கரம் இருந்ததால் இறக்கையைப் பிடிக்க ஆள் வேண்டியதில்லை. ஆனால் இருட்டில், அதிக பாரத்தோடு, பக்கத்துக் கிளைடரோடு மோதாமல் போக வேண்டும். பல கயிறுகள் வழியிலேயே அறுந்தன. நம்ம பக்கத்தில் பல குடும்பங்களுக்குப் பர்மா என்றால் வட்டிக்கடையும் 1942-இல் நடந்தே திரும்பிய கதையும்தான். அந்த மலைகளுக்கு மேலே இப்படியும் ஒரு பயணம் நடந்திருக்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு விஷயம் மாறியது. சிவில் விமானத் துறையில் எஸ். ராமாமிர்தம் சொந்தமாகக் கிளைடர்களை வடிவமைத்தார். வைத்த பெயர்களைப் பாருங்கள்: அஸ்வினி, ரோகிணி, கார்த்திக். எல்லாம் நட்சத்திரக் கணக்கு! 1961-இல் பறந்த ரோகிணியில் ஆசிரியரும் மாணவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். மரத்தால் ஆன உடல், பதினாறரை மீட்டர் இறக்கை. இந்தியாவில் வின்ச்தான் அதிகம் புழங்கியது. இழுப்பது எதுவானாலும், இறக்கை முனைக்கு ஆள் வேண்டும்.

வடிவமைத்தவரின் பெயர் ஏட்டில் இருக்கிறது, பறந்தவரின் மணிக்கணக்கு லாக்புக்கில் இருக்கிறது. முனையைப் பிடித்து ஓடியவருக்கு எதிலும் இடமில்லை. பெரும்பாலும் அவரும் ஒரு மாணவர்தான்; அடுத்த முறை அவர் உள்ளே உட்காருவார், இன்னொருவர் ஓடுவார். நம்ம சைக்கிள் மாமாவும் ஒரு காலத்தில் யாரையோ "விட்றாதீங்க"ன்னு கத்தியவர்தானே.