வடபுலத்துத் துடுப்பாட்டமும் யாழ்ப்பாண அணியும்

யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் பெருவீதியில், வடமராட்சிப் பகுதியின் நடுநாயகமாய் விளங்கும் சந்தி நெல்லியடி. கரவெட்டி, கரணவாய், துன்னாலை, உடுப்பிட்டி முதலான சுற்றூர்களின் மக்கள் சந்தைக்கும் கல்விக்கும் பயணத்துக்குமாக வந்து கூடும் இடம் அது. இச்சந்தியிலிருந்து ஏறத்தாழ 250 மைல் தெற்கே, அம்பாந்தோட்டை மாவட்டத்துச் சூரியவெவ என்னுமிடத்தில், 2020 டிசெம்பர் 16ஆம் நாளிரவு, யாழ்ப்பாணத்தின் பெயரைத் தாங்கிய அணியொன்று முதலாவது லங்கா பிரீமியர் லீக் கிண்ணத்தை வென்றது. யாழ்ப்பாண ஸ்ராலியன்ஸ் என்பது அவ்வணியின் பெயர். 188 ஓட்டங்களைக் குவித்த அவ்வணி, காலி அணியை 135 ஓட்டங்களுக்குள் மடக்கி 53 ஓட்டங்களால் வாகை சூடியது. தலைவர் திசர பெரேரா. தொடரின் சிறந்த வீரராகத் தெரிந்தெடுக்கப்பட்டவரும் அவ்வணியின் வனிந்து ஹசரங்கவே. பெருந்தொற்றுக் காலமாதலின் மைதானத்தில் பார்வையாளர் ஒருவரும் இலர்.

வெற்றி யாழ்ப்பாணத்தினது என்று பத்திரிகைகள் எழுதின. அவ்வாறாயின், அவ்வெற்றியில் யாழ்ப்பாண மண்ணுக்குள்ள பங்கு யாது? அணியின் தலைவர் வடபுலத்தவரல்லர். இறுதி ஆட்டத்தில் சிறந்து விளங்கிய சொயிப் மலிக் பாகிஸ்தானியர். ஆடிய களமோ தீவின் மறுகோடியில் உள்ளது. யாழ்ப்பாணம் தன் பெயரை இரவல் கொடுத்ததேயன்றி வேறொன்றும் செய்யவில்லை என்று கூறுவோர் உளர். அக்கூற்று முழுதும் பொய்யன்று, முழுதும் மெய்யுமன்று. இதனை ஆராய்வதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாற்றைச் சற்றே புரட்டுதல் வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் துடுப்பாட்டம் பள்ளிக்கூடங்களின் வழியாகவே வேரூன்றியது. மிஷன் பாதிரிமார் நூல்களோடு மட்டையையும் பந்தையும் கொணர்ந்தனர். வெஸ்லியன் சபையாரின் மத்திய கல்லூரியும், ஆங்கிலத் திருச்சபையாரின் பரியோவான் கல்லூரியும் 1904ஆம் ஆண்டில் தொடங்கிய போட்டியே இன்று வடக்கின் பெருஞ்சமர் என வழங்குவது. யாழ்ப்பாணக் கல்லூரிக்கும் பத்திரிசியார் கல்லூரிக்கும் இடையிலான போட்டி 1917இல் தொடங்கியது. இப்பெரும் போட்டிகளின் நாட்களில் பழைய மாணவர் கொழும்பிலிருந்தும் கடல் கடந்த நாடுகளிலிருந்தும் வந்து கூடுவர். வழக்கறிஞரும் வைத்தியரும் வணிகரும் பள்ளிக் கொடியைப் பிடித்துக்கொண்டு இளைஞரினும் இளைஞராகி ஆரவாரிப்பர். ஊரார் திருவிழாவுக்கு நாட் குறிப்பது போலவே இதற்கும் நாட் குறித்து வைப்பதுண்டு.

ஆயினும் இவ்விளையாட்டு வடபுலமெங்கும் ஒரே சீராய்ப் பரவியதென்று கொள்ளுதல் தவறு. வடமராட்சியார் பெரிதும் விரும்புவன உதைபந்தாட்டமும் கரப்பந்தாட்டமுமாம். காரணம் அறிதற்கு அரிதன்று. ஒரு பந்தும் இரு கம்பங்களும் மாலைநேரத்து வெறுநிலமும் கிடைத்தால் இவ்விரு விளையாட்டுக்களும் நடந்தேறும். கடினபந்துத் துடுப்பாட்டத்துக்கோ காற்கவசம், கையுறை, பயிற்சி வலை, பண்படுத்திய ஆடுகளம் எனச் செலவு மேலிட்டுக் கொண்டே போகும். மேலும் யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின்மேல் அமைந்தது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அதற்கில்லை. தோட்டத்துக்கும் குடிப்பதற்கும் கிணற்று நீரையே நம்பியிருக்கும் மக்கள், அந்நீரைப் புல்லுக்கு இறைத்துப் பச்சை ஆடுகளம் வளர்ப்பதென்பது எளிதன்று. ஆதலின் பள்ளி மைதானங்களில் பாய் விரித்து ஆடும் வழக்கமே நெடுங்காலம் நிலவியது. பாயின்மேல் பந்து எழும் விதம் வேறு, புற்றரையில் எழும் விதம் வேறு. ஒன்றில் தேர்ந்தவன் மற்றொன்றில் தடுமாறுதல் இயல்பே. ஊர்க் கழகங்களோ மென்பந்தாட்டத்தோடு அமைந்தன.

இனி, உள்நாட்டுப் போட்டிகளின் அமைப்பை நோக்குவோம். இந்தியாவில் ரஞ்சிக் கிண்ணப் போட்டி 1934இல் தொடங்கிய பொழுதே, அது மாகாணங்களுக்கிடையிலான போட்டியாக வகுக்கப்பட்டது. முதலாட்டத்திலேயே சென்னை அணி சேப்பாக்கத்தில் மைசூர் அணியை ஒரே நாளில் வென்றது. 1954–55இல் இந்தூர் சென்று ஹோல்கார் அணியை வீழ்த்திக் கிண்ணத்தையும் கைக்கொண்டது. மாகாணத்துக்கு ஓர் அணி, அவ்வணிக்குத் தன் மண்ணிலே களம், அக்களத்துக்கு வீரரை அனுப்ப உள்ளூர்க் கழகங்கள் என்பது அங்குள்ள ஒழுங்கு. இலங்கையில் அவ்வாறன்று. இங்கு உயர்தரத் துடுப்பாட்டம் கழகங்களின் கையில் இருந்தது. கழகங்களிற் பெரும்பாலான கொழும்பிலும் அதன் சுற்றுப்புறத்திலும் இருந்தன. வடபுலத்து இளைஞன் ஒருவன் மேலே செல்ல விரும்பின் கொழும்புக்குப் புகையிரதம் ஏறுவதன்றி வேறு வழியில்லை.

கொழும்பில் தமிழருக்கென ஒரு கழகம் இல்லாமலில்லை. 1899இல் நிறுவப்பெற்ற தமிழ் யூனியன் கழகம் அது. அதன் மைதானமாகிய ஓவலே பின்னர் பி. சரவணமுத்துவின் பெயர் பெற்றது; 1982 பெப்ரவரியில் இலங்கையின் முதலாவது டெஸ்ட் ஆட்டம் நிகழ்ந்ததும் அங்கேதான். அக்கழகத்தின் சார்பில் ஆடிய மகாதேவன் சதாசிவம் 1947இல் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கெதிராக 215 ஓட்டங்கள் எடுத்தார். மறு ஆண்டு பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி கொழும்பில் இறங்கிய வேளை இலங்கை அணிக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. 1952–53 முதல் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே கோபாலன் கிண்ணப் போட்டிகளும் நடந்தன. ஆனால் இப்பெருமைகளெல்லாம் கொழும்புத் தமிழ்க் குடும்பங்களின் துடுப்பாட்டத்தையும் தலைநகரின் வசதியையும் சார்ந்தவை. வடமராட்சிச் சிறுவனுக்கு அவை கேட்டு மகிழும் செய்திகளாயிருந்தன. நடந்து செல்லும் பாதையாய் இருந்தன என்று சொல்லுதற்கில்லை.

அப்பாதையும் பின்னர் அடைபட்டது. உள்நாட்டுப் போர் மூண்ட காலத்தில் நெல்லியடி அதன் வாயிலேயே இருந்தது. 1987 மே 26ஆம் நாள் வடமராட்சியில் இராணுவ நடவடிக்கை தொடங்கியது. நெல்லியடி மத்திய மகா வித்தியாலயம் படைமுகாமாயிற்று. ஜூலை 5ஆம் நாள் அம்முகாமின்மீது வெடிமருந்து நிரப்பிய லொறி மோதித் தாக்குதல் நடந்தது. மாணவர் ஓடியாட வேண்டிய வளாகத்தின் கதி அது. 1990இல் கண்டி – யாழ்ப்பாண நெடுஞ்சாலை மூடப்பட்டது, 2002இல் திறந்தது, 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடியது. வடக்கின் பெருஞ்சமரே சில ஆண்டுகள் நடைபெறாது போயிற்று. ஓர் அணி தெற்கே சென்று ஆடித் திரும்புவதென்பது எண்ணிப் பார்க்கவும் இயலாத காரியம். இலங்கை 1996இல் உலகக் கிண்ணம் வென்றது இக்காலத்தின் நடுவேதான். அவ்வெற்றிக்குப்பின் தெற்கிலே சிற்றூர்ப் பள்ளிகளிலிருந்தும் வீரர் எழுந்தனர். வடக்கோ அவ்வளர்ச்சியின் புறத்தே நின்றது. இழந்தது இரண்டு தலைமுறையினரின் ஆட்டப் பருவம். அதனை எந்தக் கிண்ணமும் மீட்டுத் தராது.

2009இல் போர் முடிந்தது. 2012இல் முத்தையா முரளிதரனின் பெயரால் வடபுல நகரங்களில் இளைஞர்க்கான நல்லிணக்கக் கிண்ணப் போட்டி தொடங்கியது. அவ்வாண்டே நடந்த இலங்கை பிரீமியர் லீக்கில் ஏழு மாகாண அணிகளுள் ஒன்றாக உத்துற ருத்ராஸ் என்னும் வடக்கு அணியும் இடம்பெற்றது. உத்துற என்பது வடக்கைக் குறிக்கும் சிங்களச் சொல். அதன் ஆட்டங்களும் கொழும்பிலும் பல்லேகலையிலுமே நடந்தன. அத்தொடர் ஓராண்டோடு மறைந்தது.

2020இல் அமைந்த யாழ்ப்பாண அணி இதனின்றும் ஒருவாறு வேறுபட்டது. புலம்பெயர்ந்த தமிழர் சிலரும் அதன் உரிமையாளருள் இருந்தனர். யாழ்ப்பாணத்து இளைஞர் நால்வர் குழுவிற் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் மத்திய கல்லூரி மாணவரான விஜயகாந்த் வியாஸ்காந்த். மணிக்கட்டால் சுழற்றி வீசும் பந்துவீச்சாளர். 2020 டிசெம்பர் 4ஆம் நாள், தமது 19ஆவது பிறந்தநாளுக்கு முதல்நாள், கொழும்பு அணிக்கெதிராகக் களமிறங்கி, அவ்வணியின் தலைவரும் இலங்கையின் முன்னாள் தலைவருமாகிய ஏஞ்சலோ மத்யூஸின் விக்கெற்றை வீழ்த்தினார். ஒரு விக்கெற் தொடரின் போக்கை மாற்றிவிடவில்லை. ஆனால் 1904 முதல் பள்ளி மைதானத்தோடு நின்றுபோன ஒரு மரபு தேசியப் போட்டியின் களத்தை அன்று தொட்டது. அணிக்கு யாழ்ப்பாணம் என்னும் பெயர் இல்லாதிருந்தால் அவருக்கு அவ்வாய்ப்புக் கிட்டியிருக்குமா என்பது ஐயமே. இரவற் பெயரென்று இகழப்பட்டது அங்கே பயன்பட்டது.

2021இல் லைக்கா நிறுவனத்தார் கைக்கு மாறி, யாழ்ப்பாணக் கிங்ஸ் எனப் பெயர் பெற்ற அவ்வணி, அவ்வாண்டும் காலியை வென்றது. 2022இல் கொழும்பை வென்றது. ஓராண்டு இடைவிட்டு 2024 ஜூலையில் காலியை மீண்டும் ஒன்பது விக்கெற்றுக்களால் வென்றது. தென்னாபிரிக்கரான ரைலி ரூசோ அன்று ஆட்டமிழக்காது சதமடித்தார். முதல் ஐந்து தொடர்களில் நான்கு கிண்ணங்கள். அவற்றுள் ஓர் ஆட்டமேனும் யாழ்ப்பாணத்தில் நடைபெறவில்லை. பன்னாட்டுத் தரத்து மைதானம் அங்கு இல்லாமையே அதற்குக் காரணம்.

வியாஸ்காந்த் 2023இல் ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்காக ஆடினார். 2024 மே 8ஆம் நாள் ஐதராபாத்தில் சன்றைசர்ஸ் அணிக்காக இந்தியன் பிரீமியர் லீக்கில் பந்து வீசினார். அவ்வணி அன்று 166 என்ற இலக்கை 9.4 ஓவர்களில் விக்கெற் இழப்பின்றி எட்டியது. யாழ்ப்பாணத்து மைதானங்களில் வளர்ந்த சுழற்பந்து, தன் ஊரின் பெயர் கொண்ட அணிக்காக ஊரில் வீசப்படுமுன்னரே பாக்கு நீரிணையைக் கடந்துவிட்டது.

2025 செப்டெம்பர் 1ஆம் நாள், யாழ்ப்பாணத்துக்கு அண்மையிலுள்ள மண்டைதீவில் பன்னாட்டுத் துடுப்பாட்ட மைதானத்துக்கு இலங்கைச் சனாதிபதி அநுர குமார திசாநாயக்க அடிக்கல் நாட்டினார். நெல்லியடிச் சந்தியில் பஸ் ஏறி, நகரில் இறங்கி, பண்ணைப் பாலத்தைக் கடந்தால் அவ்விடத்தை அடையலாம்.